கீழ்ப் பாத்திகளுக்குப் போன தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கோடை. பி.எஸ்ஸி. பரீட்சை எழுதிவிட்டு, பள்ளிக்கூட வேலைக்கு உத்தரவு எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார எனக்கு வராது. எங்கள் வீட்டுப் பின்வேலியைத் தாண்டினால் அக்காவின் முட்டைக்கோசுத் தோட்டம். கூடப் பிறந்தவள் இல்லை. தனியாளாகப் பயிர் வைத்து, கண்டோன்மென்ட் வீடுகளுக்குக் காய் விற்கிறவள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். எனக்கு வேலை கிடைக்கும் முன்பே என்னை டீச்சரம்மா ஆக்கிவிட்டிருந்தாள்.

அந்த வருஷம் அவள் கிணறு சீக்கிரமே வற்றத் தொடங்கியது. கபிலை ஏற்றத்தில் பூட்டிய மாடுகள் கொஞ்ச நேரம் இழுத்ததும், தண்ணீர் மொள்ளும் சாலில் சேறுதான் வந்தது. கோசு உருண்டை பிடிக்கிற சமயம் வேறு.

"மேல் பாத்திக்கு மட்டும் பாய்ச்சப் போறேன். கீழ இருக்கறத மாட்டுக்கு அறுத்துப் போட்டுட வேண்டியதுதான்" என்றாள். பாதித் தோட்டம்.

"ஒரு செடி எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு தெரியுமாக்கா?"

"நீயே அதைக் கேளு. சொன்னா எனக்கும் சொல்லு."

கேட்டேன். இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் அவள் தோட்டத்து மண்ணை நிரப்பி, ஒன்றில் மட்டும் கோசுச் செடியை நட்டு, இரண்டையும் பாத்தியிலேயே விளிம்புவரை புதைத்தேன். ஒரே அளவு தண்ணீர். கரிக்கடைத் தராசை இரவல் வாங்கிவந்து காலையும் மாலையும் தூக்கி நிறுத்தேன். குறைந்த எடையெல்லாம் காற்றில் போன தண்ணீர்.

"இன்னா டீச்சரம்மா, தகரம் இன்னிக்கு இளைச்சிருக்கா?" என்று அவள் தினமும் கேட்பாள்.

இளைத்திருந்தது. ஆனால் நான் எதிர்பார்க்காத டின். வெறும் மண்ணும் செடியோடு போட்டிபோட்டு எடை இழந்திருந்தது. இலை நிழலில் மண் அவ்வளவாகக் காயாது என்று கழித்துப் பார்த்தாலும், பாய்ச்சுவதில் பெரும்பங்கு வேருக்குப் போகாமல் வெயிலுக்குப் போயிருந்தது. வெறும் மண் இருந்த டின்னில் கனமாகச் சருகு பரப்பினேன். மறுநாள் எடை கொஞ்சம்தான் குறைந்தது. கிணற்றடியில் இருந்த அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவள் மாட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அப்ப இதுங்க இவ்ளோ நாள் இழுத்தது சூரியனுக்கா?"

கீழ்ப் பாத்திகளை அறுக்காமல், அடுத்துத் தண்ணீர் பாய்ச்சும் முறை நாள் வரை பொறுப்பதாகச் சொன்னாள். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை. இருவரும் சாக்கு எடுத்துக்கொண்டு சாலை மரங்களின் கீழே கிடந்த சருகையெல்லாம் வாரினோம். டோபி ஒருத்தர் கழுதையை நிறுத்திவிட்டு, "பி.ஏ. படிச்சா குப்பை உத்தியோகமா?" என்றார்.

"பி.எஸ்ஸி.ங்க" என்று அக்கா திருத்தினாள்.

மேல் பாத்திகளைச் சருகால் மூடினோம். முறை நாள் வந்தது. அவள் சருகை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாள். அடியில் ஈரம் இருந்தது. மண்வெட்டியை எடுத்து மேல் வாய்க்காலை அடைத்து, கீழ் மடையைத் திறந்துவிட்டாள். வாடிக் கிடந்த பாத்திக்குள் தண்ணீர் மெதுவாகப் போனது.

கீழ்ப் பாத்திக் கோசு மேல் பாத்தி அளவுக்குப் பருக்கவில்லை. தாகத்தோடு நின்ற நாட்கள் காயில் தெரியத்தான் செய்தன. அவள் ஒன்றை அறுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"சின்னதுதான். ஆனா கல்லு மாதிரி இருக்கு. புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர் இருக்கற வீட்டுக்கு இது போதும்."

கூடையில் போட்டுவிட்டு அடுத்ததற்குக் குனிந்தாள்.