சேராத ஊசி

எனக்கு வாய் நீளம். வீட்டிலும் சொல்வார்கள், ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். அந்த வாய் பேசியே ஆக வேண்டிய ஒரு நாளில் மட்டும் பேசாமல் இருந்துவிட்டது. அதனால் ஒரு அக்காவை இழந்தேன். கூடப் பிறந்தவர் இல்லை, கூட வேலை பார்த்தவர்.

ஆரப்பாளையம் பக்கம் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. நர்ஸ் வேலையில் எனக்கு அது முதல் வருஷம். காலை டியூட்டி எனக்கு, மதிய டியூட்டி அக்காவுக்கு. இரண்டு மணிக்கு நான் வார்டை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை அது. நாங்கள் முக்கால் மணி நேரம் ஆக்குவோம். அக்கா வீடு டவுனுக்குள், பள்ளிவாசலுக்குப் பின்னால். வரும்போது எனக்கும் ஒரு டப்பாவில் தாளிச்சா ஊற்றிச் சோறு கொண்டு வருவார். "திருவாதவூர்ல இருந்து விடியாத பஸ்ஸுக்கு ஓடி வர்ற புள்ள, என்னத்தத் தின்னுருப்ப" என்பார். சாப்பிட்டுக் கிளம்பும்போது நான் "போறேன்" என்றால் போச்சு. "ஆஸ்பத்திரியில வச்சு என்ன போறேன்? வாரேன்னு சொல்லு" என்று அதட்டுவார்.

ஒரு நாள் காலை வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மாவைக் கொண்டு வந்தார்கள். காலில் கருவமுள் ஏறி, சீழ் வைத்து, காய்ச்சல். கேஸ் ஷீட் எழுதியது நான்தான். மருந்து அலர்ஜி ஏதும் உண்டா என்று கேட்டேன். "அலர்ஜியா, அதெல்லாம் இல்ல தாயி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பொடியில தண்ணி கலந்து போடுவாங்கள்ல, அந்த ஊசி மட்டும் எனக்குச் சேராது" என்றார்.

சேராது. ஒரு நாளைக்கு இந்த வார்த்தையை எம்புட்டுத் தடவை கேட்கிறோம். கத்திரிக்காய் சேராது, கருவாடு சேராது, மாமியார் ஊர்த் தண்ணி சேராது. நான் பேனாவை நிறுத்தவே இல்லை. "மருமகளாச்சும் சேருமா, அதுவும் சேராதா?" என்று கேட்டேன். அந்த அம்மா அவ்வளவு வலியிலும் சிரித்தார். பக்கத்தில் நின்ற மகனும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அலர்ஜிக் கட்டத்தில் "நில்" என்று எழுதினேன். இல்லை என்பதற்கு ஆஸ்பத்திரியில் எழுதுகிற இங்கிலீஷ் வார்த்தை அது. தமிழாக வாசித்தால் நிற்கச் சொல்கிறது. நான் நிற்கவில்லை.

இரண்டு மணிக்கு அக்கா ஷீட்டைப் பார்த்தார். பார்த்த பிறகும் கேட்டார். "அலர்ஜி ஏதும் சொன்னாங்களா?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். வாயில் சோறு இருந்தது.

ஊசி போடுகிறவர் நோயாளியிடம் இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். அதுதான் முறை. அக்கா என்றைக்கும் கேட்பவர். அன்றைக்கு நான் சொன்னதை நம்பினார். பொடியில் தண்ணீர் கலந்து போட்ட சில நிமிஷத்தில் அந்த அம்மாவுக்கு உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது, பிரஷர் விழுந்தது. அக்கா போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடி வந்தார். மூன்று நாள் ஐசியூவில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்தார் என்பதால்தான் இதை என்னால் எழுத முடிகிறது.

நாலாம் நாள் பெரிய டாக்டர் ரூமில் விசாரணை. "எங்கம்மா வந்தன்னைக்கே சொன்னாங்க" என்றார் மகன். பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். வேலை போனால் வீட்டில் மறுமாசமே கல்யாணம் பேசி முடித்துவிடுவார்கள். அது ஒன்றுதான் அப்போது மண்டைக்குள் ஓடியது. "என்கிட்ட யாரும் சொல்லல சார்" என்றேன். அந்த மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், சண்டைகூடப் போடவில்லை. அக்காவிடம் கேட்டார்கள். "ஊசி போடுறதுக்கு முன்னாடி நான் கேக்கல சார், என் தப்புதான்" என்றார். என் பெயரை இழுக்கவே இல்லை. அன்று சாயங்காலமே அவரை நிறுத்திவிட்டார்கள். வார்டு வாசலில் டப்பாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "போறேன்" என்றார்.

ஆறு வருஷம் ஆகிறது. இப்போது நான் வேறு ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். புதிதாக வரும் பிள்ளைகளிடம் சொல்வேன்: அலர்ஜி இருக்கான்னு மட்டும் கேட்டு நிறுத்தாதீங்க, எது சேராதுன்னு கேளுங்க, சேராட்டி உடம்பு என்ன செய்யும்னு கேளுங்க. முதுகுக்குப் பின்னால் எனக்குச் "சேராது மேடம்" என்று பேர். வைத்துக்கொள்ளட்டும். இரண்டு மணி ஆனால் மட்டும் யார் கண்ணிலும் படாமல் மாடிப்படிப் பக்கம் போய்விடுவேன். அந்த நேரத்துக்கு எனக்குப் பசி வேறு, அக்கா ஞாபகம் வேறு என்று இல்லை.

போன மாசம், அக்கா டவுனுக்குள் ஒரு கிளினிக்கில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். வந்தது. என் ஆஸ்பத்திரியிலேயே பார்த்திருக்கலாம், பஸ் ஏறி அங்கே போனேன். டாக்டர் ஊசி எழுதினார். திரையை விலக்கி அக்கா வந்தார். முன்நெற்றி முடியில் நரை. என்னைத் தெரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது, ஆனால் எல்லோரிடமும் கேட்பதைப் போலத்தான் கேட்டார்.

"எந்த மருந்தாச்சும் சேராதா?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

அதே வார்த்தை. அவர் கையில் ஊசி அப்படியே நின்றது.

"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார்.

"அந்தம்மா சொன்னாங்கக்கா. நான்தான் எழுதல. விசாரணையிலயும் பொய் சொன்னேன்." அழுகை வந்துவிட்டது.

அக்கா பஞ்சை எடுத்து என் கையைத் துடைத்தார். "தெரியும். ஐசியூவுல கண்ணு முழிச்சு அவங்களே சொன்னாங்க. நீ மருமகளக் கேட்டுச் சிரிச்சதையும் சொன்னாங்க."

"அப்ப அந்த ரூம்லயே நீங்க சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ சொல்லுவேன்னு நின்னேன்."

அம்புட்டுத்தான். ஊசி குத்தினார், வலிக்கவில்லை. ஐந்து நிமிஷம் உட்கார்ந்து போகச் சொல்லிவிட்டு, என் உதட்டையும் மூச்சையும் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றார். ஐந்து நிமிஷம் முடிந்ததும் நான் எழுந்து, "வாரேங்க்கா" என்றேன்.

"போயிட்டு வா" என்றார். அடுத்து உட்கார்ந்திருந்த தாத்தாவிடமும் அதையேதான் சொல்லியிருப்பார், எல்லோருக்கும் சொல்வதுதான். ஆனாலும் பஸ் வரும்வரை அதில் இருந்த "வா"வை மட்டும் எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.