பாதிப் பூசையில் கடைக்கு வந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஓர் ஊரில், மாதா கோவிலுக்கு நேர் எதிரே எனக்கு ஒரு கடை இருக்கிறது. வலை, கயிறு, மிதவை, எஞ்சின் எண்ணெய் என்று கடலுக்குப் போகிறவர்களுக்கு வேண்டியதை விற்கிறேன். எனக்குச் சொந்த ஊர் ஆறுமுகநேரிப் பக்கம். நெற்றியில் திருநீறு இல்லாமல் கடை திறக்க மாட்டேன். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதும் கிடையாது. ஆனாலும் அந்த ஊரில் எல்லாருக்கும் நான் அண்ணாச்சிதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. காலையில் பூசை. பூசை முடிந்து வெளியே வருகிற ஆண்கள் அப்படியே ரோட்டைக் கடந்து என் கடைக்கு வருவார்கள். மறுநாள் தொழிலுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் அரட்டையும் அடித்துவிட்டுப் போவார்கள். வாரத்தில் எனக்கு மூச்சுவிட நேரமில்லாத பொழுது அதுதான். கோவில் ஸ்பீக்கரை என் கடையைப் பார்த்தே கட்டியிருப்பதால், பூசையில் எதற்கு அடுத்து எது வரும் என்பது எனக்கு மனப்பாடம். "பேசாம நீங்களே பூசை வச்சிரலாம்" என்று என் மனைவி கேலி செய்வாள்.

அந்த ஆவணியில் மட்டும் பூசை முடிந்த பிறகும் நான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். காரணம், ஆனி மாதத்தில் நடந்த ஒரு காரியம்.

கோவிலுக்குப் பின்தெருவில் ஒரு குடும்பம். கணவரும் அவருடைய தம்பியும் பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். ரொம்ப நாள் ஆசைப்பட்டு, படகுக்குப் புது எஞ்சின் வாங்கினார்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின். மண்ணெண்ணெயோடு கலக்க வேண்டிய எண்ணெயை என்னிடம்தான் வாங்கினார்கள். பங்குச் சாமியார் கரைக்கு வந்து மந்திரித்து, படகின் மீதும் எஞ்சின் மீதும் தீர்த்தம் தெளித்தார். எனக்கும் கடைக்கு லட்டு கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் கடலுக்குப் போனவர்கள் வலை இழுத்துப் பாடு முடித்துத் திரும்புகிற வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. மேற்கே இருந்து கச்சான் காற்று பலமாக அடிக்கிற காலம். அது படகைக் கரைக்கு வர விடாமல் கடலுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போகும். செல்போனுக்கு சிக்னலும் இல்லை. பொழுது சாய்ந்தும் அவர்கள் வராததால் ஊரே கரையில் வந்து நின்றது. மறுநாள் மதியம்தான் வேறொரு படகு அவர்களைப் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தது. இரண்டு பேருக்கும் உதடு வெடித்துப் பேச்சே வரவில்லை. பிழைத்து வந்ததே பெரிது என்று நானும்தான் கும்பிட்டேன்.

பேச்சு வந்ததும் அந்தக் கணவர், "எண்ணெய் சரியில்ல போலிருக்கு" என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் வெளியே வருகிற நேரத்தில், அவர் மனைவி கோவில் வாசலில் நின்றுகொண்டு என் கடையைப் பார்த்துக் கை நீட்டினார்.

"போலி எண்ணெய வித்து எந் தாலிய அறுக்கப் பாத்தாரு இந்த அண்ணாச்சி. இனிமே அங்க போயி எண்ணெய் வாங்குறவன் கடல்ல கெடந்து சீரழிவான், பாத்துக்கிடுங்க."

நான் சீல் உடைக்காத டப்பாக்களைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். யார் பார்த்தார்கள்? அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நடுக்கடலில் உயிரை எஞ்சினை நம்பி வைத்திருப்பவன், சந்தேகம் விழுந்த எண்ணெயை எப்படி வாங்குவான்? எண்ணெய் வியாபாரம் படுத்தது. அதோடு கயிறும் வலையும் படுத்துவிட்டன. எல்லாரும் டவுனுக்குப் போய் வாங்க ஆரம்பித்தார்கள். எனக்குக் 'கலப்பட அண்ணாச்சி' என்று பட்டப்பெயரும் விழுந்தது. நான் ரோட்டில் போனால் பின்னால் யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் மனைவி அந்தப் பெண்ணை ஏசாத நாள் இல்லை. சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அவள் தம்பி, "இங்க வந்துருங்க அத்தான்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் சரி என்று சொல்லிவிட்டேன். கடையில் இருக்கிற சரக்கை மொத்தமாக எடுத்துக்கொள்ள டவுன் வியாபாரி ஒருவர் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள்தான் நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை.

அன்று காலையில் பூசை நடந்துகொண்டிருந்தது. நான் கடைக்குள் உட்கார்ந்து கயிறுகளைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் காணிக்கைப் பாட்டு கேட்டது. அந்த ஊரில் ஒவ்வொரு தெருவிலும் உள்ள குடும்பங்கள் சேர்ந்து அன்பியம் என்று ஒரு குழுவாக இருக்கும். முறை வைத்து ஒவ்வொரு ஞாயிறும் ஓர் அன்பியம் பூசையை நடத்திக் கொடுக்கும். அப்பமும் திராட்சை ரசமும் வைத்த தட்டை அவர்களில் ஒருவர்தான் பீடத்துக்குக் கொண்டு போவார். அவர் போய்ச் சேருகிற வரைக்கும் பாட்டு. அன்றைக்குப் பாட்டு முடிந்தது. முடிந்த வேகத்தில் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தது. இது புதுசாக இருக்கிறதே என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அந்தப் பெண் கோவிலில் இருந்து இறங்கி ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார். பட்டுச் சேலை, தலையில் முக்காடு, காலில் செருப்பு இல்லை. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பாதிப் பூசையில் எழுந்து வந்து ஏசும் அளவுக்கு இப்போது நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கடை வாசலில் வந்து நின்றவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"அண்ணாச்சி, ஒங்க எண்ணெயில ஒரு கொறையும் இல்ல. மண்ணெண்ணெயில நாந்தான் தண்ணி ஊத்துனேன்."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். எஞ்சினை மந்திரித்த அன்று எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். இவர் மட்டும் படகுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். மிச்சத் தீர்த்தம் ஒரு பாட்டிலில் இருந்தது. மேலே தெளித்தால் மட்டும் போதுமா, படகு ஓடப்போவது உள்ளே இருக்கிற எண்ணெயில்தானே என்று தோன்றியிருக்கிறது. டாங்க் மூடியைத் திறந்து பாட்டிலை அப்படியே கவிழ்த்துவிட்டார். தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிட்டது. போகும்போது எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. திரும்பும்போது எண்ணெய் குறைந்து, அலையில் டாங்க் குலுங்கியதும் அடியில் கிடந்த தண்ணீர் எஞ்சினுக்குள் ஏறிவிட்டது.

என்மேல் பழி விழுந்த பிறகு ஒரு நாள் மெக்கானிக் டாங்கைக் கழற்றி, "இவ்வளவு தண்ணி எப்படி வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். கணவர் என்னோடு மண்ணெண்ணெய் விற்றவனையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார். இவருக்கு மட்டும் அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. புருஷனைக் கடலில் தள்ளிவிட்டதே நாம்தான் என்று எப்படி வாயைத் திறந்து சொல்வது? வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும், தீர்த்தத்தையும் சேர்த்துக் கேலி பேசும் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

"போன வெள்ளிக்கெழம எங்க வீட்டுலதான் அன்பியக் கூட்டம், அண்ணாச்சி. பைபிள நாந்தான் வாசிச்சேன். காணிக்க வைக்கப் போற நேரத்துல, நம்மாள ஒருத்தருக்கு மனத்தாங்கல் இருக்குன்னு நெனப்பு வந்தா, காணிக்கைய அங்கனயே வச்சிட்டுப் போயி, மொதல்ல அவங்ககிட்ட சமாதானம் ஆவணுமாம். இன்னைக்கு எங்க அன்பியத்து மொற, தட்டு எங் கையிலயே வந்துட்டு. பீடத்துப் படி வர போயிட்டேன். அதுக்கு மேல காலு நவுரல. படியிலயே தட்ட வச்சிட்டு வந்துட்டேன்."

"இப்ப வந்து சொல்லுதியே தாயி! நாளைக்கு நான் கடையக் காலி பண்ணப் போறேன். தெரியுமா ஒனக்கு?" என்று கத்தினேன்.

"தெரியும் அண்ணாச்சி. அதான் இன்னைக்கே வந்தேன்."

ஸ்பீக்கரில் பாட்டு மூன்றாவது தடவை ஆரம்பித்தது. பாடுகிறவர்களுக்குக் குரல் கம்மிவிட்டது. கோவில் வாசலில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சொன்னாத்தான் நான் போயி அந்தத் தட்டத் தொடுவேன். சாமியாரு கைய நீட்டிக்கிட்டு நிக்காரு."

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னை ஒதுக்கி வைத்த ஊர் மொத்தமும் இப்போது என் ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. நிற்கட்டுமே என்றுதான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் கூப்பிய கையை இறக்கவே இல்லை. அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சரிம்மா. எம் மனசுல ஒண்ணும் இல்ல. போயி தட்டத் தூக்கு" என்றேன்.

அது சுத்தப் பொய். என் மனசு நிறைய அதுதான் இருந்தது. அவர் அதை அப்படியே நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. பூசை தொடர்ந்தது.

நான் மறுபடியும் கயிற்றைச் சுற்ற உட்கார்ந்தேன். பழியை ஊர் கேட்கச் சொன்னார், உண்மையை என் ஒருவன் காதில் சொல்கிறார், இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று உள்ளே பொருமிக்கொண்டிருந்தேன். பூசை முடிகிற நேரத்தில் அறிவிப்புகள் வாசிப்பார்கள். வழக்கமாக வாசிக்கிற ஆண் குரல் வரவில்லை. அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

கோவில் வாசலில் தான் சொன்னது பொய்யாகிவிட்டது என்றார். டாங்கில் தீர்த்தம் ஊற்றிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். முதலில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு கோவிலே சிரித்தது. "அடுத்த தடவ எஞ்சினுக்கு ஞானஸ்நானமே குடுத்துரு!" என்று முன்வரிசையில் இருந்து ஓர் ஆள் சொன்னது மைக்கில் தெளிவாகக் கேட்டது. சிரிப்பு இன்னும் கூடியது. அந்தப் பெண் அது அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார்.

"தண்ணி ஊத்துனது எம் புத்திகெட்டத்தனம். அதுக்கு எவ்வளவு வேணும்னாலும் சிரிங்க. ஒண்ணுந்தெரியாத மனுசன் மேல பழியப் போட்டேன் பாருங்க, அது பாவம். அதுக்கு யாரும் சிரிக்காதிங்க. நாளைக்குத் தொழிலுக்கு எண்ணெய் வாங்கப் போறவங்க அண்ணாச்சி கடைக்குப் போங்க. அவ்வளவுதான்."

கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. என் மனைவி எப்போது வந்து என் பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. "இந்தப் பிள்ளையப் போயி அவ்வளவு ஏசிட்டேனே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மனசில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்ன பொய், அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது மெய்யாகிவிட்டது.

பூசை முடிந்தது. முதலில் யாரும் வரவில்லை. பிறகு அந்தக் கணவர் மட்டும் வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. அவருக்கே விஷயம் மைக்கில்தான் தெரிந்திருக்கிறது.

"எண்ணெய் குடுங்க அண்ணாச்சி" என்றார். டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். காசை எண்ணி வைத்தார். "எங்கிட்ட வீட்டுல வச்சு சொல்லியிருக்கலாம்லா?" என்று முணுமுணுத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லவேள, எஞ்சினுக்குத் தண்ணியக் குடுத்தவ எனக்குக் குடிக்க மண்ணெண்ணெயக் குடுக்காம விட்டா."

அவருக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வந்தார்கள். அன்று சாயங்காலம் டவுன் வியாபாரிக்கு போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மைத்துனனுக்குத்தான் வருத்தம். கடை இன்றைக்கும் அதே இடத்தில் நடக்கிறது.

என் பட்டப்பெயர் அன்றோடு போனது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒன்று விழுந்துவிட்டது. 'தீர்த்த எஞ்சின்' என்றுதான் இன்றும் கரையில் அவரைச் சொல்கிறார்கள். என் கடைக்குள் மட்டும் அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் சரக்கு கிடையாது. ஒரு நாள் அவரிடமே கேட்டேன், கேட்கும்போது வலிக்கவில்லையா என்று.

"வலிக்கத்தான் செய்யுது அண்ணாச்சி. ஒங்களுக்கும் அப்படித்தானே வலிச்சிருக்கும்" என்றார்.

நான் மதம் மாறவில்லை. திருநீறு இல்லாமல் இன்றும் கடை திறப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் காணிக்கைப் பாட்டு ஆரம்பித்ததும் கையில் இருக்கிற வேலை நின்றுவிடுகிறது, நான் போய்ப் பார்க்க வேண்டிய முகம் ஏதாவது ஒன்று நினைவுக்கு வந்துவிடுகிறது. எழுந்து போகத் தயங்கி உட்கார்ந்திருக்கும்போதுதான், நாலு எட்டில் கடந்துவிடக்கூடிய அந்த ரோட்டைக் கடந்து வர அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்பது எனக்குத் தெரிகிறது.