பதினோரு கைகளோடு நான் ஏன் விலகவில்லை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு லாரிக்குக் கிளீனராகப் போனவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த டிரைவர்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

எங்கள் டிரைவர் சங்கத்தில் இரண்டு அணிகள். தலைவர் தேர்தலுக்கு எங்கள் அணி யாரை நிறுத்துவது என்பதை மூன்று ஊர்க் கூட்டங்களில் கை தூக்கி முடிவு செய்வோம். முதலில் நாமகிரிப்பேட்டை, பிறகு சேந்தமங்கலம், கடைசியில் சங்ககிரி. மூன்றையும் கூட்டிப் பாதிக்கு மேல் வாங்கியவரே வேட்பாளர். போட்டியில் இருக்கிறவர் ஒவ்வொருவருக்கும் கூட்டத்தில் பேச ஐந்து நிமிடம் உண்டு.

அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நின்றேன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் நான். என்னோடு ஒரே வண்டியில் டபுள் டிரைவராக ஓடிய சாகுல், வடக்கே ஒரு விபத்து வழக்கில் சிறையில் கிடந்தான். வண்டி முதலாளி கைவிட்டுவிட்டார். சங்கம் வக்கீல் அனுப்ப வேண்டும் என்று அவன் மனைவி நூர்ஜகான் அலைந்தாள். நான் போட்டிக்கு வருவதற்கு முன்பு, பொறுப்பில் இருந்த ஒருவரும் அவள் போனை எடுக்கவில்லை.

என்னோடு போட்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு ஊர் முடிந்தபோது அவர்களில் குமரேசன் முன்னால். செல்லமுத்து அவரை ஒட்டியே வந்தார். எனக்குப் பதினோரு கை. நான் விலகினால் அந்தப் பதினொன்றும் யாருக்குப் போகும் என்று இரண்டு பேருக்கும் கவலை.

சங்ககிரிக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு குமரேசன் என்னைத் தன் பட்டறைக்கு வரச்சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

“ஏப்பா ராசு, பதனோரு கைய வெச்சுக்கிட்டு யார மெரட்டற? ஒதுங்கிக்க. நான் செயிச்சு வந்ததும் மொத வேல சாகுலுதான்.”

அவர் ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. எனக்கும் ஒதுங்கிவிடத்தான் ஆசை. இன்னொரு தடவை மைக் பிடிக்க வேண்டாம். வெளியே வந்து நூர்ஜகானுக்குப் போன் செய்து விவரம் சொன்னேன்.

“நீங்க நிக்கற வரைக்குந்தானுங்கண்ணா அவங்க எம் போன எடுக்கறாங்க,” என்றாள்.

உள்ளே போய், வக்கீல் முதலில் ரயில் ஏறட்டும் என்றேன். செல்லமுத்துவிடம் விலை போய்விட்டதாகக் குமரேசன் திட்டினார். ஆனாலும் பயந்து, மறுநாளே வக்கீலோடு தன் தம்பியையும் அனுப்பிவைத்தார்.

சங்ககிரிக் கூட்டத்தன்று காலையில் ஜாமீன் கிடைத்ததாகத் தம்பி போனில் சொன்னார். “இப்பவாச்சும் ஒதுங்குவியா சாமி?” என்றார் குமரேசன், மண்டபத்தில் வைத்து. ஜாமீன்தாரர் இல்லாமல், உத்தரவு வந்த பிறகும் உள்ளேயே கிடந்த டிரைவர்களை எனக்குத் தெரியும்.

“அவன் வெளிய வந்து எங்கிட்டப் பேசட்டுங்க,” என்றேன்.

“தலைவராவே ஆயிருவாரு போல,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது.

என் முறை வந்ததும், சாகுல் இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மீதி நேரமும் மைக் முன்னால் அப்படியே நின்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது.

அடுத்துப் பேச வந்த குமரேசன், எல்லோர் முன்னாலும் தம்பிக்குப் போன் போட்டார். “ஜாமீனுக்கு ஆளப் புடி. சாகுலு இல்லாம நீ ஊடு வந்து சேராத.” மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

அன்று எனக்கு ஆறு கை. என் கைகள் தேவைப்படாமலேயே குமரேசன் பாதியைத் தாண்டிவிட்டார். ஆனால் மைக்கில் சொன்னதை அவரால் விட முடியவில்லை. மூன்றாம் நாள் சாகுல் சிறை வாசலிலிருந்து என்னிடம் போனில் பேசினான்.

தோற்கப் போகிறவன் ஏன் நிற்கிறான் என்று கேட்கிறீர்கள். கை எண்ணி முடிக்கும் வரைதான் அவன் பேச்சுக்குக் காது கொடுப்பார்கள். ஆக வேண்டிய காரியம் இருந்தால் அதற்குள் கேட்டுவிடுங்கள்.

ஆவணி 9, ஞாயிற்றுக்கிழமை.