சிவனம்மாள் சுத்தம் செய்த வெங்காயக் காடு

ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் சிவனம்மாளுக்குச் சுத்தக்காரி என்று பெயர். ஆட்டுக்கொட்டகையைக்கூட இரண்டு வேளை பெருக்குவாள். ‘அவ காட்டுல சிந்துன சோத்த அள்ளித் திங்கலாம்’ என்று ஊரே கேலி பேசும். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள். அப்படியொரு மனசு.

அந்த ஐப்பசியில் மழை விட்டபாடில்லை. பறிக்கிற பருவத்தில் இருந்த சின்ன வெங்காயம் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. கையிலிருந்ததையெல்லாம் அதில்தான் போட்டிருந்தாள். அரசாங்க நிவாரணம் வந்தால் விதை வெங்காயம் வாங்கி மறுபடி நடலாம். இல்லையென்றால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போகவேண்டியதுதான். புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாகக் கட்டிக்காத்த காடு. அதை இன்னொருத்தன் உழுவதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பயிர்ச் சேதம் பார்க்கத் தோட்டக்கலை ஆபீசர் வருவதாகத் தகவல் வந்தது. நம்மவள் சும்மா இருப்பாளா? நாலு பேர் வருகிற இடம் நாறலாமா! ஆள் விட்டு அழுகலைப் பொறுக்கி வேலியோரம் கொட்டினாள். காட்டை உழுது, வரப்பைச் செதுக்கி, போதாக்குறைக்கு நுழைகிற இடத்தில் கோலமும் போட்டுவைத்தாள்.

ஆபீசர் இசைவாணி கோலத்தை மிதிக்காமல் தாண்டி வந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“வெங்காயம் எங்கம்மா?”

“அம்புட்டையும் அள்ளியாச்சு தாயி. நீங்க வார எடமில்லையா, சுத்தம் பண்ணி வச்சிருக்கேன்.”

“சேதத்தக் கண்ணால பாத்து போட்டோ எடுத்தாத்தாம்மா எழுத முடியும். இங்க வெறும் உழுத காடுல்ல இருக்கு!”

சிவனம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோமே என்று அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்நேரம் பார்த்து வேலியைத் தாண்டி வந்தாள் பக்கத்துக் காட்டிலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் செபாஸ்தியம்மாள். அவள் வாயைத் திறந்தால் தாடிக்கொம்பு வரைக்கும் கேட்கும்.

“நல்ல நேரத்துல வந்தீக ஆபீசரம்மா! இவள என்னன்னு கேளுங்க. அழுகல் அத்தனையையும் என் வேலியோரம் மலையாட்டம் கொட்டிட்டா. ஒரு வாரமா மனுசி சோறு திங்க முடியல!”

“அம்புட்டும் இவங்க காட்டு வெங்காயமா?”

“பின்ன? என் காட்டுல இருக்கிறது மல்லிகை. மல்லிகைச் செடியிலயா வெங்காயம் வெளையும்?”

இசைவாணி மூக்கைப் பொத்திக்கொண்டு குவியலைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். உழுத மண்ணைக் கிளறினாள். அதிலும் அழுகல் கிடந்தது. செபாஸ்தியம்மாளிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினாள். சண்டைக்கு வந்தவள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திருதிருவென்று முழித்தாள்.

சிவனம்மாள் கூடையோடு ஓடினாள். “மன்னிச்சுக்க ஆத்தா. இப்பவே அள்ளிப்புடுறேன்.”

“ஏய், தொட்ட கைய ஒடிச்சுப்புடுவேன்!” செபாஸ்தியம்மாள் குவியலை மறித்து நின்றாள். “மேலாபீசர் மறுக்கா பாக்கணும்னு வந்தா எதக் காட்டுவ? ஒனக்குப் பணம் ஏறுற வரைக்கும் ஒரு வெங்காயம் நகரக் கூடாது. நாத்தம் எனக்குத்தான? நான் பொறுத்துக்கிறேன்.”

பொறுத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தபோதுகூட, “பேசாமத் தின்னுங்க” என்று அதட்டினாளே தவிர, குவியலில் யாரையும் கைவைக்க விடவில்லை. குப்பையைப் பார்த்தும் பெருக்காமல் இருப்பது சிவனம்மாளுக்கும் பெரிய விரதமாகத்தான் இருந்தது.

தை மாதம் பணம் ஏறியது. சிவனம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு ஓடினாள். சந்தோஷத்தில் கண்ணீர் வழிந்தது.

செபாஸ்தியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள்.

“ஏறிருச்சா? அப்ப அள்ளுடி!”