மேலே அள்ளிய ஒரு கைப்பிடி

புத்தூர்க்காரி அலர்மேல்மங்கை திருப்பதியில் ரசாயனம் படித்துவிட்டு, சித்தூரில் மாட்டுத் தீவனம் சோதிக்கும் கூடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். சுறுசுறுப்பான கை. மேலதிகாரி வேதாச்சலம் அவசர வேலை எதுவானாலும் அவளிடம்தான் தருவார்.

1960-ஆம் வருஷம். ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவிலிருந்த திருத்தணி தாலுகா ஏப்ரலில் மதராஸோடு சேரப்போகிறது. அந்தப் பக்கத்துச் சோதனைகளை அதற்குள் முடித்து அனுப்பச் சொல்லி நெருக்கினார்கள். அப்படி வந்ததுதான் அந்தக் கடலைப் புண்ணாக்கு மூட்டை. அதைத் தின்ற இரண்டு எருதுகள் செத்துப்போயிருந்தன. மாட்டுக்கு விஷமான ஆமணக்கு அதில் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூட்டை முழுவதையும் கொட்டி, இடித்துக் கலந்துதான் மாதிரி எடுக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் மூட்டையின் வாயைப் பிரித்து மேலாக ஒரு கைப்பிடி அள்ளினாள். அதைப் பொடித்து உருப்பெருக்கியில் பார்த்தாள். ஆமணக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சில நாள் கழித்து ரத்னம்மா என்றொரு கூலிக்காரி வந்தாள். செத்த எருதுகளுக்குத் தீவனம் வைத்தவன் அவள் புருஷன் கங்கையா.

"புண்ணாக்குல ஒண்ணும் இல்லன்னு நீங்க எழுதிட்டீங்களாம். அப்போ இவன்தான் வெசம் வெச்சான்னு அவரு கைய ஒடிச்சிட்டாங்கம்மா. புத்தூர்ல கட்டு போட்டுக்கினு கெடக்காரு. இன்னொரு தபா பாரும்மா."

"சோதனை பொய் சொல்லாதும்மா" என்றாள் அலர்மேல்மங்கை.

ரத்னம்மா போய்விட்டாள். போன பிறகு, தான் சொன்ன பதில் அலர்மேல்மங்கையின் காதிலேயே நாராசமாய் ஒலித்தது. மூட்டையை இழுத்துவந்து தரையில் கவிழ்த்தாள். மேலே இருந்தவை பெரிய கட்டிகள். அடியில் தங்கியிருந்த தூளில் பளபளப்பாய், பழுப்புப் புள்ளியோடு ஆமணக்குத் தோல்.

கதவைச் சாத்திக்கொண்டு எல்லாக் கட்டியையும் இடித்தாள். கலந்து குவித்து, வட்டமாகப் பரப்பி, நாலு பங்காகக் கீறி, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கினாள். மறுபடி கலந்து, மறுபடி கீறி, கடைசியில் ஒரு கைப்பிடிக்குக் கொண்டுவந்தாள். முதலில் அள்ளியதும் இதே அளவுதான். இதில் எங்கே பார்த்தாலும் ஆமணக்கு. ஆமணக்கு ஆட்டிய செக்கைக் கழுவாமல் கடலையைப் போட்டிருக்க வேண்டும்.

வேதாச்சலத்திடம் போய்ச் சொன்னாள்.

"ரிப்போர்ட்டு போயிடுச்சேம்மா. இனிமே அது மதராஸ் சமாசாரம். மூட்டைய யாரு கேக்கப்போறாங்க? வுடு."

கேட்டதும் அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அப்படி ஆறுதல் பட்டோமே என்பதுதான் பிறகு அவளை அதிகம் அரித்தது. மறுநாள் புது அறிக்கை எழுதினாள். முந்தினதில் பிழை தன்னுடையது என்று அதிலேயே எழுதி, கையெழுத்துக்காக வேதாச்சலத்தின் மேசையருகே நின்றாள். அவர் முகம் கொடுத்துப் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

அதன் நகலோடு புத்தூர் போனாள். கட்டு வைத்தியர் வீட்டு முற்றத்தில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு கங்கையா உட்கார்ந்திருந்தான். தெரிந்த ஊர், தெரிந்த முகங்கள். "நம்ம அலமேலு" என்று யாரோ கூப்பிட்டார்கள். தலை நிமிராமல் நடந்ததைச் சொன்னாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னாம்மா பிரயோசனம்? எங்க ஊர்ல வந்து சொல்லு" என்றான் கங்கையா.

போனாள். திருத்தணிப் பக்கத்து அந்த ஊரில், எருதுகளின் சொந்தக்காரர் அப்பாவு வீட்டு வாசலில், கங்கையாவும் ரத்னம்மாவும் பக்கத்தில் இருக்க, ஊர் கூடி நிற்க, "மூட்டைய முழுசா பாக்காம எழுதிட்டேன். தப்பு என்னுது. இவர் மேல ஒண்ணும் இல்ல" என்றாள்.

அப்பாவு அறிக்கையின் நகலை வாங்கிப் பார்த்தார். பிறகு, "படிச்ச பொண்ணு எழுதுனதாச்சேன்னு நம்பித்தான் அடிச்சோம்" என்றார். யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. ரத்னம்மா அவள் பக்கம் திரும்பவேயில்லை.

அப்பாவு கங்கையாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். அவன் போகவில்லை. குடும்பத்தோடு நகரிப் பக்கம் போய்விட்டான். கை சேர்ந்தது, ஆனால் முழுசாக மடங்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டாள்.

அலர்மேல்மங்கை அதே கூடத்தில் ஓய்வு பெறும்வரை இருந்தாள். அவள் வேலை ரொம்ப மெதுவென்று புதிதாக வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். ஏன் என்று அவள் சொன்னதில்லை.