வால் கனத்த ட்ரெய்லர்

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை. கலிஃபோர்னியாவில் லிவர்மோர் ஊரைத் தாண்டி மலை இறக்கத்தில், எங்கள் காரின் பின்னால் கட்டியிருந்த புது ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக… அப்புறம் நாய் வாலை ஆட்டுகிற மாதிரி.

நான் என்ன செய்தேன்? பிரேக்கை அழுத்தினேன். செய்யவே கூடாதது அதுதான்.

"டோன்ட் பிரேக், அப்பா" என்றாள் பின் சீட்டிலிருந்து என் மகள் காவ்யா. கத்தவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்தேன். வேகம் தானாகக் குறைந்தது, ஆட்டமும் அடங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினால், என் மனைவி உஷா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஏன் வயிற்றை? இத்தனை நாள் இந்தப் பக்கத்தில் உங்களிடம் சொல்லாத விஷயம் அது.

உஷாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. இரண்டு வருடமாக. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய். அதன் வழியாக ஒரு நாளைக்கு நான்கு தடவை, தடவைக்கு இரண்டு லிட்டர் திரவத்தை ஏற்றி இறக்கி, வீட்டிலேயே டயாலிசிஸ். அதுவும் இப்போது சரியாகக் கைகொடுக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து டயாலிசிஸ் சென்டருக்கு வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரம் மூன்று நாள். அதற்கப்புறம் நினைத்தபோது எங்கேயும் கிளம்ப முடியாது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் இருக்கிறது — எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

டாக்டர் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம் உஷா கேட்டது ஒன்றே ஒன்று.

"மலையில அந்தப் பெரிய பெரிய மரமெல்லாம் இருக்கே… அதுக்கு அடியில நாலு ராத்திரி தூங்கணும். ஹோட்டல்ல இல்ல. மரத்துக்கு அடியில."

கூடாரம் சரிப்படாது. குழாயில் தூசி பட்டால் இன்ஃபெக்‌ஷன். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும், அதாவது படுக்கை வைத்த ஒரு ட்ரெய்லர். அதை இழுக்க எங்களிடம் இருப்பதோ, மளிகை வாங்கப் போகிற சின்ன ஹைப்ரிட் எஸ்யூவி.

ட்ரெய்லர் விற்கிற இடம் ஒன்றுக்குப் போனோம். உஷாவுக்குப் பிடித்தது, உள்ளே நின்று நடமாடலாம், பாத்ரூம்கூட உண்டு. காலி எடையே இரண்டாயிரத்து நானூறு பவுண்டு. என் கார் இழுக்கக்கூடியது ஆயிரத்து எழுநூற்றைம்பது. "அட்ஜஸ்ட் பண்ணி மெதுவா ஓட்டிக்கலாம் விடு" என்று உஷாவிடம் முணுமுணுத்தேன். கடைக்காரக் கிழவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் மூஞ்சி தெரிந்திருக்கிறது. "உங்கள் காருக்கு இதை நான் விற்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். இப்படி ஒரு வியாபாரியை நான் பார்த்ததே இல்லை.

அவரே காட்டியதுதான் இந்தக் குட்டி. உள்ளே ஒரு மெத்தை, அவ்வளவுதான். பின்பக்க மூடியைத் தூக்கினால் கைக்கடக்கமாக ஒரு சமையல் மேடை. காலியாக ஆயிரத்து நூறு பவுண்டு. கூடவே பாடமும் எடுத்தார். பிரோஷரில் போட்டிருப்பது வெறும் வண்டியின் எடை. தண்ணீர், காஸ், துணிமணி எல்லாம் அதற்கு மேல். பாரத்தில் பெரும்பகுதி சக்கரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் கனத்தால் ஆடும். ஆடினால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

நான் எஞ்சினியர். ஸ்ப்ரெட்ஷீட் போடாமல் இருப்பேனா? திரவப் பெட்டிகளைக்கூட பாத்ரூம் தராசில் நிறுத்துப் பார்த்து, சக்கரத்துக்கு முன்னால் அடுக்கினேன். எல்லாம் சரியாக வந்தது. நண்பர்களைத்தான் சேர்க்க மறந்துவிட்டேன்.

அவர்களுக்கு உஷாவின் நோய் தெரியாது. "லேசா சுகர், கொஞ்சம் டயர்டா இருக்கா" என்று இரண்டு வருடமாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். எதற்கு? காவ்யாவுக்கு வரன் பார்க்கிறோம். அம்மாவுக்குக் கிட்னி போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, "பரம்பரையா வருமோ?" உஷாவுக்கு வந்தது பரம்பரை நோய் இல்லை என்று டாக்டரே சொல்லியும் எங்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை. மாதாமாதம் வாசலில் வந்து இறங்கும் பெட்டிகளை யாரும் பார்ப்பதற்குள் கராஜில் ஒளித்து வைப்பேன். திருடன் மாதிரி. "திஸ் இஸ் க்ரேஸி அப்பா, ஜஸ்ட் டெல் தெம்" என்று காவ்யா எத்தனையோ தடவை சொன்னாள். கேட்டோமா?

அந்தச் சனிக்கிழமை, சான் ரமோனில் எங்கள் வீட்டு வாசலில் நாலைந்து குடும்பங்கள். எல்லோர் கையிலும் பை. முன்னால் நின்றது பக்கத்து வீட்டு கீதா.

"அண்ணா, நீங்க ஒண்ணும் பேசக்கூடாது. அக்காக்குப் பிடிச்சதா பாத்துப் பாத்து எடுத்துட்டு வந்திருக்கேன். மலையில என்ன கிடைக்கும்?"

அவளே பின்பக்க மூடியைத் தூக்கி அடுக்க ஆரம்பித்தாள். ஒரு கேஸ் இளநீர், தக்காளித் தொக்கு, மாங்காய் ஊறுகாய், புளிக்காய்ச்சல், ஒரு பை உருளைக்கிழங்கு. மற்றவர்கள் பங்குக்கு இரும்பு தோசைக்கல், அரிசி மூட்டை, இரண்டு கேஸ் தண்ணீர் பாட்டில். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்பார்கள். சிரித்துக்கொண்டே நின்றேன், மடையன்.

அதுதான் மலை இறக்கத்தில் வேலையைக் காட்டியது.

ஊர்ந்து ஊர்ந்து அடிவாரத்துக்கு இறங்கினோம். ட்ரக்குகள் நிற்கிற இடத்தில் எடை மேடை இருந்தது. ஏற்றிப் பார்த்தேன். மொத்த எடை எல்லைக்குள்தான். ஆனால் காரின் கொக்கி மேல் அழுத்த வேண்டிய பாரம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அத்தனையும் வாலில்.

காவ்யா பைகளைக் காருக்குள் மாற்ற ஆரம்பித்தாள். உஷா இறங்கி வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"உப்பு… தக்காளி… இளநீர்… எல்லாம் உப்பு, இல்லேன்னா பொட்டாசியம். இதுல ஒண்ணுகூட நான் சாப்பிடக் கூடாது. எதுக்குங்க இதை இழுத்துட்டுப் போறோம்?"

நான் தோசைக்கல்லைத் தூக்கிக் காருக்குள் வைத்தேன்.

"அவங்களுக்கு என்ன தெரியும் பாவம். நாமதானே சொல்லல" என்றாள். இரண்டு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று, டீசல் நாற்றத்துக்கு நடுவில், ஊறுகாய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்புறம் அவளே கீதாவுக்குப் போன் போட்டாள். "கீதா, நீ வந்து இதெல்லாம் எடுத்துட்டுப் போயிடும்மா. எனக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு."

முக்கால் மணி நேரத்தில் கீதா வந்துவிட்டாள். உஷாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பைகளைத் தன் காருக்கு மாற்றினாள். எல்லாம் முடிந்த பிறகு என் பக்கத்தில் வந்தாள்.

"எப்பலேருந்து அண்ணா?"

"ரெண்டு வருஷமா."

"நானும் அக்காவும் ஒரே ப்ளட் க்ரூப். போன வருஷம் சொல்லியிருந்தாக்கூட என்னோடது ஒண்ணைக் குடுத்திருப்பேனே அண்ணா. இப்ப எனக்கே சுகர். சுகர்காரங்க கிட்னி வேணாம்னுடுவாங்க."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

நிஜமாகவே கொடுத்திருப்பாளா? பொருந்தியிருக்குமா? தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வரன் விஷயம் கேட்கிறீர்களா — இந்த இரண்டு வருடத்தில் ஒன்றும் அமையவில்லை.

மரத்தடியில் நாலு ராத்திரி தூங்கிவிட்டு வந்தோம். திரும்பும்போது ட்ரெய்லர் ஆடவில்லை. வருகிற திங்கட்கிழமை உஷாவுக்கு சென்டரில் முதல் நாள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள் — அவர்களுக்கும் சுகர் வருவதற்குள்.