நரம்பே போதும்னு சொன்னேனே ஏழுமலை அண்ணா

ஏழுமலை அண்ணன் போயிட்டார். இன்று காலை, கோமுகி அணையில்... மீன் பிடிக்கப் போன இடத்தில்.

எங்க கிளினிக் ஆம்புலன்ஸ் டிரைவர். நான் அங்கே நர்ஸாகச் சேர்ந்த நாளிலிருந்து கூடவே வேலை பார்த்தவர்.

போன் என் வீட்டுக்காரர் நம்பரில் இருந்து வந்தது. பேசினது வேற யாரோ. "யக்கா, அணையில ஒர்த்தரு தண்ணியில முழுகிப் பூட்டாருக்கா... சீக்கிரம் வாங்க."

யாருன்னு கேட்க எனக்கு வாய் வரல. அவரும் அண்ணனும் ஒரே பைக்கில்தான் மீன் பிடிக்கப் போயிருந்தாங்க.

"ஆம்புலன்ஸ் ஓட்டுவாரே, அவருதான்" என்று அந்த ஆள் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடி, ஐயோ அண்ணனா என்று அங்கேயே உட்கார்ந்துட்டேன். ரெண்டும் உண்மை. அதனால ரெண்டையும் எழுதுறேன்.

அண்ணனிடம் ராடு, ரீல் எல்லாம் கிடையாது. காலி தண்ணி பாட்டிலில் லைனைச் சுற்றி வெச்சிருப்பார். தூண்டிலை வீசிட்டு, லைனை உள்ளங்கையில் ரெண்டு சுற்று சுற்றிக்கிட்டு உட்காருவார். இந்தப் பக்கம் நிறைய பேர் அப்படித்தான் பிடிக்கிறாங்க.

நரம்பு இருந்தவரை எனக்குப் பயம் இல்லை. நரம்புன்னா அந்த நைலான் லைன், கண்ணாடி மாதிரி இருக்குமே. பெரிய மீன் இழுத்தா நீளும். ரொம்ப இழுத்தா அறுந்துடும். மீன் போகும், கை மிஞ்சும்.

அப்புறம்தான் இந்த பிரெய்டு வந்தது. மெல்லிசா பின்னின லைன். நீளவும் நீளாது, லேசில் அறவும் அறாது.

"நரம்புல பெரிய கட்லா மீனு நிக்கவே மாட்டேன்னுது சிஸ்டரு. இதுல மாட்டுச்சின்னா மாட்டுனதுதான்" என்பார். எங்க வீட்டுக்காரரையும் வாங்க வெச்சுட்டார்.

ஒரு நாள் மதியம், பேஷண்ட் யாரும் இல்லாத நேரம்... சலைன் ஸ்டாண்டில் ரெண்டு லைனையும் கட்டி இழுத்துக் காட்டினார். நரம்பு ரப்பர் மாதிரி நீண்டு பட்டுன்னு அறுந்தது. பிரெய்டு அறுபடல. ஸ்டாண்டு வளைஞ்சிடுச்சு.

"பாத்தீங்களா?" என்று ஒரே பெருமை. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் அந்த ஸ்டாண்டு இருந்த இடத்தில் ஒரு கை தெரிஞ்சது.

இத்தனைக்கும் வண்டியில் அவ்வளவு நிதானமான மனுஷன். வெள்ளிமலையில் இருந்து பிரசவ கேஸ் ஏத்திக்கிட்டு மழையில் இறங்கி வருவோம். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிச்சு, காத்திருந்து, அப்புறம்தான் திருப்புவார். அவர் ஓட்டினா நான் பின்னாடி நிம்மதியா உட்கார்ந்திருப்பேன்.

அந்த மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டைச் சுற்றின கையோட கிளினிக்குக்கு வந்தார். துண்டு முழுக்க ரத்தம். இன்னொரு கையில் மீன்.

"மீன் வந்துட்சி சிஸ்டரு" என்றார், சிரிச்சுக்கிட்டே.

துண்டைப் பிரிச்சேன். உள்ளங்கையில் பிளேடு போட்ட மாதிரி ஒரே கோடு... உள்ளே வெள்ளையா தெரிஞ்சது. எத்தனையோ காயம் பார்த்தவள் நான். அன்னைக்கு டாக்டர் தையல் போட்டு முடிக்கிற வரை அந்தக் கோட்டைப் பார்க்க முடியல.

"அண்ணா, பழையபடி நரம்பே போதும். இல்லன்னா கையிலயாவது சுத்தாதீங்க" என்று கெஞ்சினேன்.

"கையில சுத்தலன்னா மீன் கடிக்கிறது எப்டி தெரியும் சிஸ்டரு?"

அதுக்கு மேல அவர்கிட்ட பேச முடியாது. நான் பேண்டேஜ் வெட்டுற கத்தரிக்கோல் ஒன்னை எங்க வீட்டுக்காரர் பையில் போட்டு வெச்சேன். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இருக்கான்னு பார்ப்பேன். அண்ணன் அதுக்கும் கிண்டல்தான். "மீன் புடிக்கப் போறமா, ஆபரேஷனுக்குப் போறமா?"

இன்னைக்குக் காலையிலும் பார்த்துட்டுத்தான் அனுப்பினேன். மலையில் நல்ல மழை, அணைக்குப் புதுத்தண்ணி வருதுன்னு ரெண்டு பேருக்கும் கால் தரையில் நிக்கல.

பெரிய மீனா இருந்திருக்கணும். ஒரே இழுப்பு... பாசி பிடிச்ச கல்லில் வழுக்கி உள்ளே போயிட்டார். நீச்சல் தெரிஞ்சவர்தான். லைன் இறுக்கின கை போக, மிச்ச ஒரு கையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவார்?

எங்க வீட்டுக்காரர் கத்தரிக்கோலோட குதிச்சிருக்கார். கலங்கின தண்ணியில் லைன் எங்கேன்னு தெரியல. தடவித் தடவித்தான் பிடிச்சிருக்கார்.

என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது இது மட்டும்தான். "கத்திரி வெட்டிச்சி. நேரம் ஆயிட்சி."

அவர் விரல்களிலும் வெட்டு. மருந்து போடும்போது, "இனிமே போவீங்களா?" என்று கேட்டேன். அவர் பையில் இன்னொரு பிரெய்டு சுருள் இருக்கு. அதைத் தொடக்கூட எனக்குப் பயமா இருக்கு.

பெரியாஸ்பத்திரியில் அண்ணன் கையில் அந்த ரெண்டு சுற்று அப்படியே இருந்தது. போலீஸ்காரர் பார்த்து எழுதிட்டு எடுக்கலாம்னு சொன்னார். யாரும் கிட்டே வரல. பழைய தையல் தழும்பு மேலேயே இறுகியிருந்தது. நான்தான் மெதுவா பிரிச்சு எடுத்தேன்.

போயிட்டு வாங்கண்ணா... இப்போ கையில எதுவும் இல்ல.